கிரின்ஸ்டெட்டுக்குப் போன நான்கு சொக் அப்சோபர்கள்

சூட்கேஸைத் திறக்கச் சொன்னார்கள். நான் எதிர்பார்த்ததுதான். போர்வைக்குள் சுற்றிய நான்கு இரும்புக் குழாய்கள், குழாய்களைச் சுற்றிச் சுருள் கம்பி, இடுக்குகளில் அண்ணைக்குக் கொண்டுவந்த கருவாட்டுப் பொதிகள். விமான நிலையத்து எக்ஸ்ரே திரையில் அது எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைக்க எனக்கே பயமாக இருந்தது.

சுங்க அதிகாரி ஓர் இளம் பெண். ஒரு குழாயைத் தூக்கினாள், மூக்கைச் சுளித்தாள், இது என்ன என்றாள். பனி ஸ்கூட்டரின் சொக் அப்சோபர், பழுது பார்க்கக் கொண்டுவந்தேன் என்று நோர்வேஜிய மொழியில் சொன்னேன். "பனி ஸ்கூட்டரா? டென்மார்க்கிலா?" என்று கேட்டு, பக்கத்தில் நின்ற மூத்த அதிகாரியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் யன்னல் பக்கம் திரும்பினார். வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. "தவறான நாட்டில் இறங்கிவிட்டீர்கள்" என்று சொல்லிவிட்டுச் சூட்கேஸை அவரே மூடித் தந்தார். கருவாட்டு மணம் அவருக்குப் போதுமாக இருந்திருக்க வேண்டும்.

நான் இருப்பது வடக்கு நோர்வேயில், கடலோரத்தில் ஒரு மீன் ஊரில். வருடத்தில் பாதிக்கு மேல் அங்கே பனிதான். பனி ஸ்கூட்டரை நாங்கள் வெறுமனே ஸ்கூட்டர் என்போம். யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களிடம் "ஸ்கூட்டரில போனனாங்கள்" என்று போனில் சொன்னால் அவர்கள் இரண்டு சில்லு வண்டியை நினைத்துக்கொள்வார்கள், நானும் திருத்துவதில்லை. எங்கள் ஸ்கூட்டருக்குச் சில்லே கிடையாது. முன்னால் இரண்டு சறுக்குப் பலகை, பின்னால் அகலமான ரப்பர் பட்டி, நடுவில் இரண்டு பேர் இருக்க நீளச் சீற். பலகைக்கு ஒன்று வீதம் இரண்டு, பட்டிக்குள் இரண்டு என்று நான்கு சொக் அப்சோபர். மேடுபள்ளத்தின் அடி நம் முதுகுக்கு ஏறாமல் தடுப்பது அவைதான்.

போன ஈஸ்டர் விடுமுறையில் அவை தடுக்கவில்லை. ஏரிக்குப் போகிற வழியில் ஒரு வளைவில் என் கணவர் நேசன் ஹாண்டிலைத் திருப்பினார். ஸ்கூட்டர் திரும்பாமல் நேரே போய் ஒரு பனிமேட்டில் ஏறி விழுந்தது. டொம் என்று ஒரு அடி. பின்னால் இருந்த நான் நாக்கைக் கடித்ததோடு தப்பினேன். இவருடைய முதுகெலும்பில் ஒன்று நசுங்கிப்போனது.

முதுகு கோடையோடு ஆறிவிட்டது. இனி ஓடலாம் என்று வைத்தியரும் சொல்லிவிட்டார். இவர்தான் ஏறமாட்டேன் என்கிறார். "என்ர கை போட்டுது சாந்தி. திருப்ப வேண்டிய இடத்தில எனக்குத் திருப்பத் தெரியேல்லை" என்பது அவருடைய முடிவு. அதற்குப் பிறகு வேலை, வீடு, யன்னலோரக் கதிரை. மீன் தொழிற்சாலையில் குளிருக்குள் நின்றே பாதி வாழ்க்கையைக் கழித்த மனிதர் அவர். வாய்விட்டுப் பாடுவது அந்த ஏரியில் பனிக்கட்டியைத் துளைத்துத் தூண்டில் போடும்போது மட்டும்தான். பாடுகிற அந்த மனிதர் எனக்குத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

இதற்கிடையில் பக்கத்து வீட்டு நோர்வேஜியன் ஸ்கூட்டரை விலைக்குக் கேட்டுவிட்டான். இவரும் கொடுக்கத் தயார். "நீ போட்டு வாற வரைக்கும் பொறுக்கிறன், அதுக்குப் பிறகு என்னைக் கேக்கக் கூடாது" என்றார். ஊர்க் கடைக்காரர் சொக் அப்சோபரைப் பார்த்துவிட்டுப் புதிது வாங்கு என்கிறார். அப்போதுதான் டென்மார்க்கில், கிரின்ஸ்டெட்டில் இருக்கும் என் தேவன் அண்ணை, "இஞ்ச ஒரு இந்தியப் பொடியன் மோட்டார் சைக்கிள் பந்தயக்காரருக்கு உது செய்து குடுக்கிறான். கழட்டிக்கொண்டு வா பிள்ளை" என்றார். விமானத்தில் ஏற்ற வேண்டுமே என்று, கடைக்காரரைக் கொண்டு அவற்றுக்குள் இருந்த வாயுவை வெளியேற்றிவிட்டு, நான்கையும் கழற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டேன்.

டென்மார்க் தட்டை நாடு. எங்கள் ஊரில் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு மலை வந்து மறிக்கும். இங்கே கண்ணுக்குப் பிடிமானமே இல்லை. வயல், காற்றாலை, மழை, மறுபடியும் வயல். அண்ணை காரை ஓட்டிக்கொண்டே ஓரிடத்தைக் காட்டி, "இது எங்கட மலை" என்றார். கார் அதில் ஏறி இறங்கியது எனக்குத் தெரியவே இல்லை.

வீட்டில் ரஜனி மச்சாள் இடியப்பமும் சொதியும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அண்ணையின் மகள் நிலா பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்தாள். நான் தமிழில் கேட்பேன், அவள் டேனிஷில் பதில் சொல்வாள், நான் அதற்கு நோர்வேஜியத்தில் கதைப்பேன். எழுதிக் காட்டினால் டேனிஷ் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. வாய்திறந்து பேசினால் சொல்லின் பின்பாதியை விழுங்கிவிடுகிறார்கள். மூன்று மொழி போட்டும், நான் சுகமாக வந்து சேர்ந்தேனா என்ற அளவுக்கு மேலே எங்கள் கதை போகவில்லை.

இரவு சாப்பாட்டுக்கு முன்னால் இவருக்கு எடுத்தேன். "வந்து சேந்திட்டன்." "ம்." "நாளைக்குத்தான் பொடியனிட்டப் போறம்." "ம்." சாப்பிட்டீர்களா என்றால் அதற்கும் ஒரு ம். போனை வைத்துவிட்டுச் சொதியைக் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மாலை அண்ணையோடு போனேன். அந்தப் பொடியனுக்கு நாற்பது வயதிருக்கும். பெயர் கார்த்திகேயன், கோயம்புத்தூர்க்காரர். கிழமை நாட்களில் ஒரு கம்பனியில் எஞ்சினியர். மற்ற நேரம் கிரின்ஸ்டெட்டுக்கு வெளியே ஒரு பண்ணையாரின் பழைய பன்றிக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து, அதற்குள் சொக் அப்சோபர்களோடு குடித்தனம். பன்றி போய்விட்டது, மணம் இன்னும் போகவில்லை. என் கருவாட்டுச் சூட்கேஸ் அங்கேதான் முதல்முறையாக மரியாதையோடு நின்றது.

"நீங்கள் இது ஓடியிருக்கிறீங்களோ தம்பி?" என்று கேட்டேன்.

"ஸ்னோமொபைலா? இல்லைங்க்கா. வீடியோல பாத்திருக்கேன்."

பனியே இல்லாத நாட்டில், பனியையே காணாத கோயம்புத்தூர்க்காரரிடம், ஒரு மனிதனின் முதுகை ஒப்படைக்க வந்திருக்கிறேன். அண்ணையைப் பார்த்தேன். அண்ணை கூரையைப் பார்த்தார்.

கார்த்திகேயன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பின்பக்கத்துச் சொக் அப்சோபரைப் பிடியில் பூட்டி, திறந்து, உள்ளே இருந்த எண்ணெயை ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றினார். கறுப்பாக, கட்டியாக விழுந்தது. "இது செத்து ரொம்ப நாளாச்சுங்க்கா. சீல் போயிருக்கு, ஆயில் போயிருக்கு. ஸ்பிரிங்கும் உங்க ரெண்டு பேருக்குப் பத்தாது போலிருக்கு. உங்க வெயிட் எவ்ளோ?"

அண்ணைக்கு முன்னால் கேட்டுவிட்டார். நான் கொஞ்சம் குறைத்துச் சொன்னேன். இவருடையதையும், நியாயமாக இருக்கட்டும் என்று, கொஞ்சம் குறைத்தேன்.

"சரி, எல்லாரும் கொறைச்சுத்தான் சொல்வாங்க, நான் சேத்துக்கறேன்" என்று சிரித்தார். "ஹெல்மெட், பூட்ஸு, ஜாக்கெட் அதெல்லாம் நான் போட்டுக்கறேன். லக்கேஜ் ஏதாவது?"

"லக்கேஜ் ஒண்டுமில்லைத் தம்பி. கொஞ்சம் சாப்பாடுதான்."

"சாப்பாடெல்லாம் ஒரு கணக்காங்க்கா. திங்கக்கிழமை வாங்க, ரெடியா இருக்கும்."

செவ்வாய்க்கிழமை எனக்குத் திரும்பும் விமானம். நடுவில் கிடந்த நாட்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. மறுநாள் எல்லோரும் அவரவர் பாட்டுக்குப் போய்விட்டார்கள். வீட்டில் தனியே இருந்து மச்சாளின் அலுமாரியைத் துடைத்தேன், ஏற்கனவே சுத்தமாக இருந்த குசினியை மறுபடி கழுவினேன். அதற்கு மேல் இருக்க முடியவில்லை. கொட்டகைக்குப் போய் எட்டிப் பார்ப்போம் என்று பஸ் ஏறினேன்.

கிரின்ஸ்டெட்டில் பஸ்ஸை நம்பிப் புறப்படுகிறவர் ஒன்றில் கிழவி, அல்லது என்னைப்போல வெளியூர்க்காரி. எனக்கு முன் சீற்றில் இரண்டு முதியவர்கள், சொல்லை விழுங்காமல் நிதானமாகப் பேசியதால் எனக்கும் விளங்கியது. "முந்தியெல்லாம் இங்கேயும் பனி கொட்டும்" என்றார் ஒருவர். "இப்ப நாலு துளி விழுந்தாலே என் மகன் வேலைக்குப் போகாமல் படுத்துவிடுகிறான்" என்றார் மற்றவர். அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்ததில் இறங்குமிடம் போய்விட்டது. அடுத்த தரிப்பில் இறங்கித் திரும்பி நடந்தேன். எதிர்காற்று குடையைப் பிடுங்கி வயலுக்குள் எறிந்தது. கொட்டகைக்குப் போனால் பூட்டு. அவர் கம்பனி வேலைக்குப் போயிருப்பார் என்ற சின்ன விசயம்கூட எனக்குத் தோன்றவில்லை.

திரும்பி வந்து ஊர்ச் சதுக்கத்தில் ஒரு வண்டிக்கடையில் சிவப்புச் சொசேஜ் வாங்கித் தின்றேன். சாயம் விரலில் ஒட்டியது, மற்றப்படி பரவாயில்லை. எங்கள் ஏரியிலும் நோர்வேஜியர்கள் இப்படித்தான், ஆளுக்கு இரண்டு சொசேஜைச் சுட்டுத் தின்றுவிட்டு, ஒரு தோடம்பழத்தை உரித்துக்கொண்டு வெயில் காய்வார்கள். எங்கள் ஆட்களுக்கு அது சரிவராது. ஆட்டுக்கறி, புட்டு, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு என்று இல்லாவிட்டால் ஒரு தமிழ்க் குடும்பத்தையும் ஏரிக்குக் கூப்பிட முடியாது. அந்தச் சமையல் எப்போதும் என்னுடையது. அதில் எனக்குப் பெருமையும் உண்டு, மறைப்பானேன். முன்னெல்லாம் சட்டிகளை ஸ்கூட்டருக்குப் பின்னால் இழுவைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போவோம். ஒருமுறை பெட்டி புரண்டு பனி முழுக்க ஆட்டுக்கறியானது. அதன் பிறகுதான் சீற்றுக்குப் பின்னால் ஒரு கம்பித் தட்டு பூட்டுவித்து, சட்டிகளை அதில் இறுக்கிக் கட்டத் தொடங்கினேன். கறி பிறகு சிந்தவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ரண்டர்ஸ் என்ற ஊரில் மச்சாளின் தங்கை வீட்டில் ஜெபக் கூட்டம். புது வீடு வாங்கியிருந்தார்கள். மச்சாள் விடியவே எழும்பி நாற்பது பேருக்குச் சமைத்தார். எங்கள் ஆட்கள் ஜெபத்துக்குப் போனாலும் ஏரிக்குப் போனாலும் சட்டி இல்லாமல் போகமாட்டார்கள். காரின் பின்பெட்டியில் ஒரு பெரிய கறிச்சட்டி, ஒரு சோற்று அண்டா, பருப்புக்கு ஒரு வாளி. நிலா பின் சீற்றில் ரோல்ஸ் பெட்டிகளுக்கு நடுவில் நசுங்கியிருந்து டேனிஷில் முணுமுணுத்தாள்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் அண்ணை, "ஸ்டியரிங் காத்து மாதிரிக் கிடக்கு" என்றார். "பின்னுக்குப் பாரம். முன்சில்லு ரோட்டைப் பிடிக்குதில்லை." சொல்லிவிட்டு வானொலியைத் திருப்பினார். நான் அதைக் காதில் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தேன். மனது ஏதோ ஒரு இடத்தில் தடுக்கியது, எங்கே என்று பிடிபடவில்லை.

ரண்டர்ஸில் அவர்களின் தெருவுக்குத் திரும்பும் இடத்தில் ஒரு வேகத்தடை. அண்ணை மெதுவாகத்தான் ஏற்றினார். முன்சில்லு இறங்கியது. பின்சில்லு இறங்கியபோது, டொம்.

அதே சத்தம். என் கை தானாகப் போய் வாயைப் பொத்திக்கொண்டது. நாக்கு அன்றைக்குக் கடித்த இடத்தில் கூசியது.

"என்ன மாமி?" என்று நிலா தமிழில் கேட்டாள். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

வீட்டுக்குள் போனதும் எல்லோருக்கும் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, குளியலறையில் நிறை பார்க்கும் தராசு இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. கறிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போன என்னை அந்தப் புது வீட்டுக்காரர் எப்படிப் பார்த்தார் என்று சொல்லத் தேவையில்லை. முதலில் சட்டி, பிறகு அண்டா, பிறகு வாளி. மூன்றையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து, "உன்ர நிறை எவ்வளவு?" என்று நிலாவைக் கேட்டேன். சொன்னாள். கிட்டத்தட்ட அதேதான். ஏரிக்கு நான் கொண்டுபோவது இதைவிடக் குறைவில்லை.

அந்த ஈஸ்டரிலும் வளர்ந்த ஒரு பெண்ணைத் தட்டில் கட்டிக்கொண்டு போயிருக்கிறோம். அதுவும் சீற்றுக்குப் பின்னால், கடைசி விளிம்பில்.

மேலே பாட்டும் ஜெபமும் தொடங்கியிருந்தன. எனக்கு இருக்க முடியவில்லை. மழைக்குள் முற்றத்தில் நின்று கார்த்திகேயனுக்குப் போன் எடுத்து, சட்டிகளையும் தட்டையும், இவர் தன் கையைக் குறை சொல்வதையும் சொன்னேன்.

"அக்கா, கொஞ்சம் சாப்பாடுன்னீங்க. நான் டிபன் பாக்ஸுன்னு நெனச்சேன்."

"எங்களுக்குக் கொஞ்சம் எண்டால் இதுதான் தம்பி."

"அப்போ கை மேல தப்பே இல்லைங்க்கா. பின்னாடி அவ்ளோ வெயிட் தொங்குனா முன்னாடி பலகை தரையை அழுத்தாது. அழுத்தலைன்னா எப்படித் திரும்பும்? நேராத்தான் போகும்."

அன்றைக்கு ரண்டர்ஸில் என்ன சாப்பிட்டேன் என்று எனக்கு நினைவில்லை. கை மேல தப்பே இல்லை என்பது மட்டும் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கூடவே இன்னொன்றும். கை சரியென்றால் பிழை தட்டில். தட்டு என்னுடைய யோசனை. இத்தனை மாதம் இவர் தன் கையைத் தானே வெறுத்துக்கொண்டு யன்னலோரம் இருந்தார். அடுப்பில் புட்டு அவித்துக்கொண்டு நான் அவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டேன். எனக்கு என்மேல் வந்த கோபத்தில் வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

திங்கட்கிழமை மாலை கொட்டகையில் நான்கு சொக் அப்சோபரும் கழுவித் துடைத்து மேசையில் கிடந்தன. புது சீல், புது எண்ணெய். முன்பக்கம் இரண்டும் முடிந்துவிட்டன. பின்பக்கத்துக்கு மட்டும் இரண்டு விதமான ஸ்பிரிங் எடுத்து வைத்திருந்தார்.

"முடிவு உங்களோடது" என்றார். "இது ரெண்டு பேருக்கு. இது ரெண்டு பேரும் சட்டியும் சேந்து. சட்டிக்குப் போட்டீங்கன்னா போகும்போது அடிக்காது. திரும்பறது அப்பவும் கொஞ்சம் கஷ்டம்தான், வெயிட் பின்னாடிதானே இருக்கு. ஆனா வரும்போது சட்டி காலி. இந்த ஸ்பிரிங் கட்டை மாதிரி நிக்கும். ஒவ்வொரு மேட்டுக்கும் உங்க வீட்டுக்காரரைத் தூக்கிப் போடும்."

"இழுவைப் பெட்டியில கட்டினால்?" என்றார் அண்ணை.

"அதுல கட்டினா ரொம்ப நல்லது. கவுந்தா கவுந்துட்டுப் போகட்டும், கறிதானே."

கறிதானே. கோயம்புத்தூர்க்காரர் என்பதால் பொறுத்துக்கொண்டேன். ஏரியில் சட்டியைத் திறக்கும்போது ஆவி பறக்க எல்லோரும் என்னைச் சுற்றி வந்து நிற்பார்களே, அது எனக்கு எவ்வளவு பெரிய விசயம் என்று இவர்களுக்குச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. இரண்டு ஸ்பிரிங்கையும் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒன்றை மேசையில் வைத்தேன்.

"ரெண்டு பேருக்குப் போடுங்கோ" என்றேன். "பெட்டியும் வேண்டாம். அது வளைவில பின்னால இழுத்தால் இவர் திரும்பவும் தன்ர கையைத்தான் சந்தேகப்படுவார். முதல் முறை வெறும் ரெண்டு பேரும் போறம்."

அண்ணை என்னைப் பார்த்தார். "சட்டி இல்லாமலோ?" என்றார், ஏதோ வீட்டை விற்கப் போகிறேன் என்று சொன்னதைப் போல.

"சட்டி இல்லாமல்."

செவ்வாய்க்கிழமை காலை விமான நிலையத்தில், சூட்கேஸ் கொடுக்கும் வரிசையில் நின்றபடி இவருக்கு எடுத்தேன். நேருக்கு நேர் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

"இஞ்சேருங்கோ. உங்கட கையில ஒரு பிழையும் இல்லை. என்ர சட்டிதான் பிழை."

"என்ன?"

எல்லாவற்றையும் சொன்னேன். கார், வேகத்தடை, தராசு, நிலா, எல்லாம். இடையில் அவர் ம் போடவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"அப்ப நான் திருப்பினனான் எண்டுறியோ?"

"திருப்பினீங்கள். பலகை நிலத்தில இல்லை. ஆர் திருப்பினாலும் திரும்பியிராது."

"நான் திருப்பினனான்" என்றார் மறுபடியும், என்னிடம் இல்லை, தனக்கே.

வரிசை நகர்ந்தது. நான் நகரவில்லை.

"பக்கத்து வீட்டுக்காரன் நாளைக்கு வாறன் எண்டவன்" என்றார்.

"ஓம். அது உங்கட விருப்பம். நான் ஒண்டும் கேக்கமாட்டன். ஆனா அந்தத் தட்டைக் கழட்டி எறியுங்கோ. இனி அதில ஒரு சட்டியும் ஏறாது."

அந்தப் பக்கம் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பும் சத்தம்.

"என்ன சாந்தி சொல்லுறாய்? அப்ப ஏரியில நாங்கள் என்னத்தைச் சாப்பிடுறது?"

எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. பின்னால் நின்ற டேனிஷ்காரர் ஒன்றும் கேட்காமல் என் சூட்கேஸைக் குனிந்து பிடித்து, முன்னால் தள்ளி வைத்தார்.